அழித்த வரிகள்

பாட்டில் மொத்தம் இருபத்தாறு வரிகள். அவள் கேட்டு மைக்கில் சொன்னதும் இருபத்தாறுதான். ஒவ்வொரு வரிக்கும் நேரம் பொருத்துவதற்காக மேலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் இருபத்தேழு இருந்தது.

கூடுதல் வரியில் ஒரே ஒரு சொல். இரண்டாவது சரணத்துக்கும் கடைசிப் பல்லவிக்கும் நடுவில் தனியாக நின்றது. அக்கா.

பாடுகிறவனோ காதலியிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறான். நடுவில் அக்காவுக்கு என்ன வேலை? அவள் அதை அழித்துவிட்டு, நேரத்தைப் பொருத்தி, ஃபைலை அனுப்பினாள். கடிகாரம் நாலு பத்து காட்டியது. அடுத்த பாட்டைத் திறந்தாள்.

பாட்டு எழுதுகிற வேலை என்று சொன்னால் சொந்தக்காரர்கள் அவளைக் கவிஞர் என்று நினைத்துக்கொள்வார்கள். கல்யாண வாழ்த்து எழுதித் தரச் சொல்லிக்கூட ஒருவர் வந்திருக்கிறார். அவள் செய்வது அதுவல்ல. யாரோ எழுதி யாரோ பாடியதைக் காதால் கேட்டு அப்படியே எழுத்தில் இறக்குவது. செல்பேசியில் பாட்டுப் போட்டால் திரையில் வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே ஏறுகின்றனவே, அவை தானாகவே வருகின்றன என்றுதான் உலகம் நம்புகிறது. எங்கோ ஓர் அறையில் ஒருத்தி ஒரே வரியைப் பதினாறு தடவை கேட்டு, பாடகர் விழுங்கிய எழுத்தைத் தொண்டைக்குள் கைவிட்டு எடுக்காத குறையாக எடுத்து வைக்கிறாள் என்பது யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

அந்த வேலைக்கு ஏகப்பட்ட சட்டங்கள் உண்டு. வரி முடிவில் புள்ளி கூடாது. பல்லவி நாலு தடவை வந்தால் நாலு தடவையும் முழுதாக எழுத வேண்டும். 'நாலு முறை' என்று சுருக்கினால் ஃபைல் திரும்பி வந்துவிடும். உடன் பாடுகிறவர்களின் குரல் அடைப்புக்குறிக்குள். முனகலும் பெருமூச்சும் வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம்: காதில் விழாததை எழுதாதே, காதில் விழுந்ததை விடாதே.

இரண்டு வருடங்களுக்கு முன் அவளுடைய மணிக்கட்டு இரண்டும் மக்கர் செய்தன. அதிலிருந்து தட்டச்சைக் குறைத்துக்கொண்டு குரலில்தான் வேலை. பாட்டை ஹெட்ஃபோனில் கேட்பாள். கேட்ட வரியை ராகமில்லாமல், வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி, மைக்கில் திருப்பிச் சொல்வாள். கணினி அதை எழுத்தாக்கும். ஹெட்ஃபோன் காதை முழுசாக மூடுகிற வகை. மாட்டினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. மைக் அதற்கு நேர்மாறு. பக்கத்து வீட்டுத் தும்மலைக்கூட விடாது. ஒருமுறை மாடிப்படியில் யாரோ பிள்ளையை அதட்டியதைப் பிடித்து, உருக்கமான காதல் பாட்டுக்கு நடுவே 'ஷூவைக் கழட்டுடா' என்று ஒரு வரி சேர்த்துவிட்டது. தங்கை அதை ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

இப்படி வந்து விழுகிற வரிகளை அவள் யோசிக்காமல் அழிப்பாள். அரிசியில் கல் பொறுக்குகிறவள் ஒவ்வொரு கல்லையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பாளா? கண் பார்க்கும், விரல் அழுத்தும், அவ்வளவுதான். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது அழிப்பாள்.

ஆனால் மறுநாளும் அந்தச் சொல் வந்தது. வேறு பாட்டு. தாலாட்டு மாதிரி மெதுவான ஒன்று. ஏழாவது வரிக்குப் பின் அக்கா. பத்தாவது வரிக்குப் பின் மறுபடியும் அக்கா. இந்தத் தடவை அவள் ஹெட்ஃபோனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, வீட்டைக் கேட்டாள். குளிர்சாதனப் பெட்டி முனகி ஓய்ந்தது. தெருவில் ஒரு வண்டி பின்னால் நகரும்போது எழுப்பும் பீப் பீப் ஒலி கேட்டு, தூரமாகி, நின்றது. குழாயிலிருந்து சொட்டு விழுந்தது, நிறைய நேரம் கழித்து இன்னொரு சொட்டு விழுந்தது. மேகம் மூடிய பிற்பகல் வெளிச்சம் திரைச்சீலை வழியாகக் பாத்திரம் கழுவின தண்ணீர் நிறத்தில் அறைக்குள் நின்றது. மூன்றாம் மாடி வீட்டில் அவளைத் தவிர ஆள் கிடையாது. எட்டு மாதமாகக் கிடையாது.

அவளுக்கு ஒரே ஒருத்திதான் தங்கை. பெயர் சொல்லி அந்தத் தங்கையை யாரும் கூப்பிட்டதில்லை, எல்லாருக்கும் வாலு. அம்மா போனபோது வாலுவுக்கு ஒன்பது வயது, இவளுக்கு இருபத்தொன்று. தலைவாரிவிட்டதும், பள்ளிக்கூடத்தில் போய்த் திட்டு வாங்கினதும், காய்ச்சலுக்கு ராத்திரி முழுக்க உட்கார்ந்ததும் இவள்தான். இவளுக்குப் பார்த்த மாப்பிள்ளைகளையெல்லாம் வாலு வாசலிலேயே கேலி பண்ணி அனுப்பினாள். இவளுக்கும் அதில் பெரிய வருத்தமில்லை. பிறகு வாலு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். மாலையில் வந்ததும் இந்த அறை வாசலில் சாய்ந்து நின்று கொண்டு வம்பிழுப்பாள்.

"ஊர்ல எல்லாரும் பாட்டு கேட்டு சந்தோஷமா இருக்காங்க. நீ ஒருத்திதான்க்கா பாட்டு கேட்டு பரீட்சை எழுதுற."

வாலுவுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. மழைக்காலத்தில் கூடும். இன்ஹேலரை லிப்ஸ்டிக் மாதிரி பையில் வைத்திருப்பாள். எட்டு மாதத்துக்கு முன் ஒரு பிற்பகலில், நெஞ்சு இறுக்கமாக இருக்கிறது என்று கடையிலிருந்து சீக்கிரமே வந்தாள். இவளுக்கு அன்று அவசர வேலை. மாலை ஆறு மணிக்கு வெளியாக வேண்டிய பாட்டு; வரிகள் ஐந்துக்குள் போய்ச் சேர வேண்டும். வாலு வாசலில் நின்று இருமினாள். இவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"உள்ள போய்ப் படுடி. கதவைச் சாத்திக்கோ, மைக்ல உன் இருமல் ஏறுது."

"உத்தரவு மேடம்" என்றாள் வாலு.

கடைசியாகப் பேசினது அதுதான். வேலை முடித்து, ஹெட்ஃபோனைக் கழற்றி, காபி போட்டு, ஆறு இருபதுக்கு அந்தக் கதவைத் திறந்தாள். இன்ஹேலர் கட்டிலுக்கு அடியில் சுவரோரம் உருண்டு கிடந்தது. வாலு பாதி உடம்பு கட்டிலிலும் பாதி உடம்பு தரையிலுமாக இருந்தாள்.

தூக்கத்திலேயே போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். சித்தி அதையே பிடித்துக்கொண்டாள். "குழந்தைக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காதுடி. தூக்கத்துலயே போயிட்டா. நீ மனசைப் போட்டு உழப்பிக்காத" என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். இவளும் பிடித்துக்கொண்டாள். தூங்குகிறவள் எப்படித் தரைக்கு வருவாள் என்று இவளுக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் ஒரே ஒரு கணக்கை மட்டும் மனசு விடாமல் போட்டது: கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் ஹெட்ஃபோனையும் மீறிக் கேட்டிருக்கும். நடுவில் ஒரே ஒரு சுவர்தானே. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் எட்டு மாதம் சாப்பிட்டாள், தூங்கினாள், வேலை பார்த்தாள். இது போனால் அவளிடம் வேறு எதுவும் இல்லை.

மூன்றாம் நாள் மூன்றரை மணிக்குச் சரிபார்ப்பவர் கூப்பிட்டார். அவள் அனுப்பும் ஃபைல்களையெல்லாம் படித்து ஒப்புதல் தருகிறவர். ஆறு வருடமாகக் குரல் பழக்கம், முகம் தெரியாது. மூக்கடைப்போடு பேசுவார், நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டு ஏதாவது சொல்வார்.

"என்னம்மா, நேத்து அனுப்பின தாலாட்டுல ரெண்டு இடத்துல அக்கா வருது. பாடுறது அம்மாவா அக்காவா, முதல்ல முடிவு பண்ணுங்க."

"அழிச்சிட்டுத்தானே சார் அனுப்பினேன்."

"இல்லையேம்மா, இருக்கே. முந்தாநாள் ஃபைல்லயும் இருந்துச்சு. நானே எடுத்துட்டேன். மைக்ல ஏதாவது விழுதோ என்னவோ."

"வீட்ல நான் மட்டும்தான் சார் இருக்கேன்."

"பழைய கோளாறுதான் போல. எதுக்கும் இருக்கட்டும்னு உங்க பேர்ல இருக்கற ஃபைல்கள்ல இந்தச் சொல்லைத் தேடிப் பார்த்தேன். எட்டு மாசம் முன்னாடி ஒரு ஃபைல்லயும் இதே வந்திருக்கு. அப்ப நீங்களே அழிச்சிருக்கீங்க, ஃபைலோட வரலாறுல அப்படியே கெடக்கு. அதான், அந்த ஆறு மணிக்கு வெளியான பாட்டு."

அவள் செல்பேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"ஹலோ? கேக்குதாம்மா?"

"கேக்குது சார்" என்றாள்.

"மைக்கை மாத்துங்க. உங்க வேலையில எனக்கு ஒரு குறையும் இல்ல" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அவள் பழைய ஃபைலைத் திறக்கவில்லை. மைக்கை மாற்றினாள். தவறு மைக்கில்தான் இருக்க வேண்டும், இருந்தே ஆக வேண்டும் என்று பழையதைப் பிடுங்கிப் பெட்டியில் போட்டு, அலமாரியில் கிடந்த இன்னொன்றைத் தூசி தட்டிச் சொருகினாள். ஜன்னல் கொக்கியைப் போட்டாள். குளிர்சாதனப் பெட்டியின் இணைப்பைக்கூடப் பிடுங்கினாள். ஹெட்ஃபோனை மாட்டவில்லை. புது ஃபைல் ஒன்றைத் திறந்து, பாட்டு எதுவும் போடாமல், வாயைத் திறக்காமல், வெறுமனே மைக்கை மட்டும் ஓடவிட்டு உட்கார்ந்தாள். திரையின் ஓரத்தில் ஒலியளவைக் காட்டும் பச்சைக் கோடு தரையோடு படுத்திருந்தது. நாற்காலி கிறீச்சிட்டால் அது கொஞ்சம் எழுந்து படுத்தது. அவள் எச்சில் விழுங்கினால் எழுந்து படுத்தது. அவள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள். கோடு அசையாமல் கிடந்தது.

நாலு மணி. நாலு ஐந்து. சுவருக்கு அந்தப் பக்கம் வாலுவின் அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அதைத் திறந்து பெருக்கிவிட்டுப் பூட்டிவிடுவாள். அங்கே இன்னும் தைல வாசனை இருக்கும். இப்போது அந்த வாசனை இந்த அறையிலும் இருப்பதாகத் தோன்றியது. மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். தோன்றவில்லை, இருந்தது. தைலமும், வியர்வையில் நனைந்து உலராத தலையணை உறையின் புளிப்பும்.

நாலு பத்துக்குக் கோடு எழுந்தது.

அவளுக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. இரண்டு காதும் திறந்திருந்தன. வீடு அமைதியாக இருந்தது. கோடு மட்டும் எழுந்து, நடுங்கி, படுத்தது. திரையில் எழுத்து வந்தது.

அக்கா

கை தானாக அழிக்கும் விசைக்குப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டாள். அந்தக் கையை மற்றொரு கையால் பிடித்து மடியில் வைத்தாள். பிறகுதான், இனிப் பார்க்காமல் இருக்க முடியாது என்று தெரிந்து, எட்டு மாதத்துக்கு முந்தைய ஃபைலைப் பக்கத்தில் திறந்தாள்.

ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு வரலாறு உண்டு. எழுதினது, மாற்றினது, அழித்தது எல்லாவற்றையும் மணியோடு சேர்த்துக் கணினி ஞாபகம் வைத்திருக்கும். ஆறு வருடத்தில் அவள் அதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. கல் பொறுக்கின பிறகு குப்பையைக் கிளறுவார்களா?

அந்தப் பாட்டு அவளுக்கு மனப்பாடம். 'ஒருமுறை கூப்பிடு போதுமடி, ஊர்கள் ஏழும் தாண்டி வருவேன்.' பாடகர் 'ஊர்கள் ஏழும்' என்ற இடத்தைக் குழைத்து விழுங்கியிருந்தார். அந்த இடத்தை அன்று எத்தனை தடவை ஓடவிட்டாள், எத்தனை தடவை மைக்கில் சொல்லிப் பார்த்தாள் என்பது வரலாற்றில் வரிசையாக இருந்தது. நடுநடுவே, சாம்பல் நிறத்தில், குறுக்குக்கோடு போட்டு, அழித்த வரிகள்.

4.10 அக்கா
4.10 அக்கா
4.12 அக்கா வா
4.13 மூச்சு
4.13 அக்கா

அழித்தவர் யார் என்பதற்கு எதிரே அவள் பெயர் இல்லை. 'நீங்கள்' என்று மரியாதையாக எழுதியிருந்தது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே நீங்கள். வந்த நிமிடத்திலேயே அழித்திருந்தாள். அவ்வளவு சுறுசுறுப்பு.

4.15 அக்கா கீழ விழுந்துடுச்சு
4.16 எடுத்துக் குடு
4.17 அக்கா
4.17 சே இந்த மைக்

அவள் இந்தக் கடைசி வரியைத் திரும்பப் படித்தாள். அது வாலுவுடையது அல்ல. அது இவளுடையது. எரிச்சலில் முணுமுணுத்ததைக் கணினி பிடித்திருக்கிறது. தன் முணுமுணுப்பையும் அவளே அழித்திருக்கிறாள். பார்த்திருக்கிறாள். சொல்லைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். ஒன்றல்ல, இரண்டல்ல. பார்த்து, பாட்டில் இல்லாத சொல் என்று தூக்கிப் போட்டிருக்கிறாள். தூக்கத்திலேயே போனாளாம்! பதினோரு நிமிடம் போயிருக்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கதவைச் சாத்தச் சொன்னவளையே கூப்பிட்டுக் கூப்பிட்டு.

4.19 அக்கா
4.21 அ

அதற்குப் பிறகு பாட்டு வரிகள் மட்டும்தான். ஒரு பிழை இல்லாமல்.

அவளுக்கு அழுகை வரவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது. பக்கத்தில், புது ஃபைலில், கோடு எழுந்து படுத்துக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்காத நேரத்தில் வரிகள் சேர்ந்திருந்தன.

அக்கா
மூச்சு
நீ பேசறது கேக்குது
அதே வரியையே சொல்றியே
நான் சொல்றது கேக்கலியா

இது வரலாற்றில் இல்லாதது. இது அன்றைக்கு மைக் பிடிக்காதது. அல்லது இப்போதுதான் சொல்வது.

"கேக்குதுடி" என்றாள் அவள். "கேக்குது செல்லம். வந்துட்டேன். இதோ வந்துட்டேன்."

திரையில் எதுவும் எழுதப்படவில்லை.

அவள் மைக்கை வாயருகே இழுத்தாள். "அக்கா இங்கதான்டி இருக்கேன்!" கத்தினாள். பச்சைக் கோடு தரையோடு படுத்திருந்தது. மைக்கைத் தட்டினாள். மேசையை அறைந்தாள். பக்கத்து வீட்டுத் தும்மலை எழுதுகிற கணினி, ஒரு முழ தூரத்தில் தொண்டை கிழியக் கத்துகிறவளை எழுதவில்லை. அவள் மூச்சு வாங்க நிறுத்தினாள். அவள் நிறுத்தியதும் கோடு எழுந்தது.

ஏன்க்கா வரல

இழுப்பறையைத் திறந்தாள். இன்ஹேலர் அங்கேதான் இருந்தது. தூக்கிப் போட மனசில்லாமல் வைத்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு, நாற்காலியைத் தள்ளிவிட்டு, ஓடினாள். நாலடிதான். சாவி கதவிலேயே தொங்கியது. நாலடி. எட்டு மாதத்துக்கு முன் இந்த நாலடியை நடந்திருந்தால். சாவியைத் திருப்பினாள். கதவு திறந்தது.

அறை இருட்டாக இல்லை. ஜன்னல் வழியாக அதே அழுக்கு வெளிச்சம். போன ஞாயிறு அவள் விரித்த விரிப்பு கசங்காமல் இருந்தது. அலமாரியில் வாலுவின் கைப்பை. சுவரில் அவள் ஒட்டின பொம்மைப் படம். கட்டிலில் யாரும் இல்லை. அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, தலையணைக்கு மேலே, ஒரு வாய் இருக்க வேண்டிய உயரத்தில், இன்ஹேலரைப் பிடித்து அழுத்தினாள். புஸ் என்றது. இன்னொரு தடவை அழுத்தினாள்.

"இழுடி. மெதுவா இழு. வந்துட்டேன் பாரு" என்றாள். வெறும் தலையணையைத் தடவிக்கொடுத்தாள். "மன்னிச்சிடு வாலு. மன்னிச்சிடுடி. இனிமே கதவைச் சாத்தச் சொல்ல மாட்டேன்."

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. அடித்துச் சாத்தவில்லை. யாரையும் தொந்தரவு பண்ணக் கூடாது என்பது போல மெதுவாக.

அப்போதுதான் அவளுக்கு முதல் சத்தம் கேட்டது.

சுவருக்கு அந்தப் பக்கம். வேலை அறை. ஆளில்லாத அறை. ஒரு பெண்குரல், ராகமில்லாமல், வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி.

"ஒருமுறை கூப்பிடு போதுமடி."

இடைவெளி. விசை அழுத்தும் சத்தம்.

"ஊர்கள் ஏழும் தாண்டி வருவேன்."

இடைவெளி.

"ஊர்கள் ஏழும் தாண்டி வருவேன்."

தன் குரலைத் தானே வெளியிலிருந்து கேட்கும்போது யாருக்கும் அது கொஞ்சம் அந்நியமாகத்தான் இருக்கும். ஆனால் தெரியாமல் போகாது. அவளுக்குத் தெரிந்தது. அந்தக் குரலில் இருந்த அவசரம்கூடத் தெரிந்தது. ஐந்துக்குள் அனுப்ப வேண்டும்.

எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. கால் சொன்னபடி கேட்டது, நெஞ்சு கேட்கவில்லை. காற்று உள்ளே போக மறுத்தது. கொஞ்சம் போனது. வெளியே வரவில்லை. அவளுக்கு இழுப்பு கிடையாது. பிறந்ததிலிருந்து கிடையாது. இப்போது நெஞ்சுக்குள் விசில் அடித்தது. இன்ஹேலரை வாய்க்குக் கொண்டுபோனாள். விரல் வழுக்கியது. கீழே விழுந்தது. உருண்டது. கட்டிலுக்கு அடியில், சுவரோரம்.

சுவரைத் தட்டினாள். அந்தக் குரல் நிற்கவில்லை. மறுபடி தட்டினாள்.

"ஊர்கள் ஏழும்."

நான் இங்கே இருக்கிறேன் என்று கத்த நினைத்தாள். நான்தான் என்று கத்த நினைத்தாள். வாயைத் திறந்தபோது வந்த சொல் அவள் நினைத்தது அல்ல.

"அக்கா."

சின்னக் குரல். அவளுடையது இல்லை.

"அக்கா."

பாதி உடம்பு தரைக்கு வந்தது. மீதியை இழுத்தாள். கைமுட்டியால் நகர்ந்தாள். கதவு தூரமாக இருந்தது. தரை சில்லென்றிருந்தது. ஒரு மூச்சு. இன்னொன்று இல்லை. விரல் நுனியைக் கதவின் கீழ் விளிம்பில் கொடுத்து இழுத்தாள். ஒரு கீற்று திறந்தது. நாலடி தூரத்தில் வேலை அறை. அதன் கதவு விரியத் திறந்திருந்தது.

நாற்காலியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். முதுகு தெரிந்தது. கொண்டை தெரிந்தது. இரண்டு காதையும் மூடின ஹெட்ஃபோன். அவளுக்கு முன்னால் திரை பளிச்சென்று இருந்தது. பாட்டு வரிகளுக்கு நடுவே ஒரே ஒரு சொல் தனியாக நின்றது.

"அக்கா" என்றாள், இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து.

திரையில் அதன் கீழே இன்னொன்று வந்தது.

நாற்காலியில் இருந்தவள் கழுத்தைச் சொடுக்கிக்கொண்டாள். "சே, இந்த மைக்" என்றாள். வலது கையை நீட்டினாள். இரண்டு சொற்களும், கடைசியிலிருந்து, ஒவ்வொரு எழுத்தாகப் போயின. பிறகு அவள் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு அடுத்த வரியைச் சொல்ல ஆரம்பித்தாள்.